மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்: கடைசி நொடிக் கேட்புச் சேவையுடன் இரண்டு ஆண்டுகள்

ஏலக்காரர் நேரில் நின்று கூவும் ஏலத்தில், "ஒரு தரம், இரண்டு தரம்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, மூன்றாம் தரம் சொல்வதற்கு முன் கூட்டத்தை ஒருமுறை கண்ணால் துழாவுவார். அந்த இடைவெளியில் ஒரு கை உயர்ந்தால் எண்ணிக்கை மீண்டும் முதல் தரத்திலிருந்து தொடங்கும். அதனால் அங்கே கடைசி ஆளாகக் கேட்பதில் தனி ஆதாயம் எதுவும் இல்லை. எதிராளிக்குப் பதில் சொல்ல எப்போதும் அவகாசம் உண்டு. ஈபே போன்ற இணைய ஏலத் தளங்களில் மூன்றாம் தரம் சொல்லும் பொறுப்பு கடிகாரத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. கடிகாரம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஏலம் முடியும் நாளும் மணியும் நொடியும் பொருள் பட்டியலில் ஏறும்போதே குறிக்கப்பட்டுவிடுகின்றன. அந்த நேரத்துக்கு ஐந்து நொடி முன்னால் வந்து விழும் கேட்புக்கு யாராலும் யோசித்துப் பதில் சொல்ல முடியாது. இவ்வாறு கடைசி நொடிவரை காத்திருந்து தொகையைச் சொல்வதைத்தான் ஏலப் பழக்கமுள்ளவர்கள் ஸ்னைப்பிங் என்கிறார்கள். அதை நமக்காகச் செய்து தருவதற்கென்றே சில இணையச் சேவைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுக்கு இரண்டு ஆண்டுகள் சந்தா கட்டிப் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இவ்வகைச் சேவைகள் பலவும் ஒரே வேலையை ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் செய்கின்றன. நான் குறிப்பிடப் போகும் குறைகளில் பாதி அந்த வகைக்கே உரியவை, மீதியில் கணிசமானவை என் கவனக்குறைவால் நேர்ந்தவை. வேலை எளியது. விரும்பும் ஏலத்தின் எண்ணைச் சேவையின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு கொடுப்போம் என்பதை எழுத வேண்டும். முடிவுக்கு எத்தனை நொடி முன்னால் கேட்பு போக வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கணினியை அணைத்துவிட்டு உறங்கப் போகலாம். குறித்த நொடியில் சேவையின் வழங்கி (சர்வர்) நம் பெயரில் ஏலத்தளத்துக்குள் நுழைந்து தொகையைப் பதிந்துவிட்டு, முடிவை மின்னஞ்சலில் தெரிவிக்கும்.

நான் வாங்குவது பழைய மையூற்றுப் பேனாக்கள். அவற்றிலும் பெரும்பாலும் பார்க்கர் 51. முள்ளின் பெரும்பகுதி கூட்டுக்குள் மறைந்து, நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் இந்தப் பேனா 1941-இல் விற்பனைக்கு வந்தது. மிகப் பெரும் எண்ணிக்கையில் செய்யப்பட்டதால் எந்த வாரத்திலும் ஏலத்தில் பல கிடைக்கும். ஆனால் ஒன்றைப் போல மற்றொன்று இருப்பதில்லை. தொடக்க ஆண்டுகளின் வாக்குமாட்டிக் வகையில் மை உறிஞ்சும் ரப்பர் சவ்வு காலப்போக்கில் கெட்டுவிடும். 1940-களின் இறுதியில் வந்த ஏரோமெட்ரிக் வகையின் மைப்பை பல பேனாக்களில் இன்றும் வேலை செய்கிறது. மங்கலான படத்தில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பவருக்கும் கண்டுபிடிக்காதவருக்கும் இடையில்தான் விலை நிற்கிறது. ஒருவரின் கேட்பு மற்றவருக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்துவிடுகிறது என்பதைப் பின்னால் விளக்க இந்தச் செய்தி வேண்டியிருக்கும்.

சேவைக்குப் பணம் கட்டும் முன் ஏலத்தளத்தின் விதியைப் புரிந்துகொள்வது நல்லது. அதைப் புரிந்துகொள்ளாதவர்களே கடைசி நொடிக் கேட்பிடம் அதிசயங்களை எதிர்பார்க்கிறார்கள். ஈபேயில் நாம் எழுதும் தொகை உடனே விலையாகிவிடுவதில்லை; அது உச்ச வரம்பு மட்டுமே. தளமே நம் சார்பில், எதிராளியை முந்தத் தேவையான அளவுக்கு மட்டும் படிப்படியாகக் கேட்கும். ஈபேயின் அமெரிக்கத் தளத்தில் விலை 25 டாலருக்கும் 99.99 டாலருக்கும் இடையில் இருக்கும்போது ஒரு படி என்பது 1 டாலர். 100 டாலரைத் தொட்டதும் அது 2.50 ஆகிறது. ஒரு பேனாவின் விலை 41 டாலரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னிலையில் இருப்பவர் உண்மையில் 65 எழுதி வைத்திருக்கிறார். அது வெளியே தெரியாது. நான் 80 எழுதினால் விலை 66-க்கு ஏறி நிற்கும், பேனா எனக்கு. அவர் 90 எழுதியிருந்தால் நான் எத்தனையாவது நொடியில் வந்தாலும் விலை 81-க்கு உயர்ந்து பேனா அவரிடமே தங்கும்.

வென்றவர் தன் தொகையைக் கொடுக்காமல், தோற்றவரின் தொகையை ஒட்டிய விலையைக் கொடுக்கும் இந்த முறையின் தருக்கத்தை வில்லியம் விக்ரி 1961-இல் ஆராய்ந்து எழுதினார். 1996-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டுச் சில நாள்களிலேயே அவர் இறந்துபோனார். அவர் காட்டியதன் சாரம், மூடிய உறைகளில் நடக்கும் இத்தகைய ஏலத்தில் பொருள் தனக்கு எவ்வளவு பெறுமோ அந்தத் தொகையை மறைக்காமல் எழுதுவதே ஒருவருக்குச் சிறந்த வழி என்பதாகும். இணைய ஏலத்திலும் எல்லோரும் அவ்வாறே எழுதிவிட்டு ஒதுங்கி நின்றால், திங்கட்கிழமை எழுதுவதற்கும் ஞாயிறு இரவின் கடைசி நொடியில் எழுதுவதற்கும் வேறுபாடு இருக்காது. நான் சந்தா கட்டிய சேவைக்கும் வேலை இருக்காது.

ஆனால் மனிதர்கள் அவ்வாறு நடப்பதில்லை. ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக வெளிக்கொணர்ந்தது. அப்போது ஈபேயின் ஏலங்கள் குறித்த நொடியில் முடிந்தன. அமேசான் 1999-இல் தொடங்கி நடத்திவந்த ஏலங்களிலோ, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் முடிவு தானாகவே தள்ளிப்போனது. இரண்டையும் ஒப்பிட்டபோது, கடைசி நேரக் கேட்புகள் ஈபேயில்தான் மிகுதியாகக் குவிந்தன. ஈபேயில் பழக்கம் முதிர முதிர ஒருவர் தாமதமாகக் கேட்கும் போக்கு கூடியது. அமேசானில் நேர்மாறாக இருந்தது. ஈபேக்குள்ளேயே கணினிப் பொருள்களைவிடப் பழங்காலப் பொருள்களில் தாமதக் கேட்பு அதிகம். பொருளின் மதிப்பை அறிந்தவர் முன்கூட்டியே கேட்டால், அந்தக் கேட்பே அறியாதவருக்குப் பாடமாகிவிடுகிறது என்பது இதற்கு அவர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று. "பழைய பேனா, எழுதுகிறதா தெரியவில்லை" என்று தலைப்பிட்ட ஒரு பட்டியலில் ஏரோமெட்ரிக் பேனாவை அடையாளம் கண்டுகொண்ட எவருக்கும் இது நெஞ்சில் தைக்கும். ஏலத்தளம் கேட்பவரின் பெயரை நட்சத்திரக் குறிகளால் மறைத்தாலும், கேட்பாரற்றுக் கிடந்த பொருளின் விலை செவ்வாய்க்கிழமை திடீரென்று எழுந்து நின்றால், எழுப்பியவர் எதையோ பார்த்திருக்கிறார் என்பது மற்றவர்களுக்கு விளங்கிவிடும்.

இரண்டாவது காரணம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் மனிதர். அவர் தன் உச்சத்தொகையை ஒருபோதும் எழுதமாட்டார். முன்னிலை பறிபோனதாகத் தகவல் வந்ததும் இரண்டு டாலர் ஏற்றுவார். மறுபடி பறிபோனால் மறுபடி இரண்டு. தன் எல்லை எது என்பதே அவருக்குத் தெரியாது, எதிராளி காட்டிக் கொடுக்கும்வரை. இத்தகையவரிடம் ஐந்து நாள் முன்பே தொகையைச் சொல்வது, அவர் ஏறி வருவதற்கு நாமே படிக்கட்டு கட்டிக் கொடுப்பதற்குச் சமம். கடைசி ஆறு நொடியில் நம் தொகை விழுந்தால் அவர் முன்பு எழுதிய தொகையோடு நின்றுவிடுகிறார். விலையை ஏற்றிவிடுவதற்காக விற்பவரே கையாளை வைத்துக் கேட்க வைக்கும் மோசடிக்கும் இதே மருந்து ஓரளவு வேலை செய்கிறது. நம் உச்சம் எங்கே இருக்கிறது என்று தட்டிப் பார்க்க அந்தக் கையாளுக்கு நேரமே கிடைப்பதில்லை.

இது இணையத்தோடு பிறந்த தந்திரம் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில், ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, அது அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்கே பொருள் என்று ஏலம் நடத்தினார்கள். கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ் 1662 செப்டம்பரில் அவ்வாறு பழைய கப்பல்கள் விற்கப்பட்டதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மற்றவர்களைவிட ஒருவர் மட்டும் சரியான கணத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். சுடர் அணையும் தறுவாயில் புகை கீழ்நோக்கி இறங்கும் என்றும், அதைக் கவனித்தே கடைசிக் குரல் கொடுப்பதாகவும் அவர் பீப்ஸிடம் விளக்கினாராம். நான் மாதந்தோறும் பணம் கட்டுவது, அந்தப் புகையைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆளை அமர்த்துவதற்குத்தான்.

சேவை எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய, முதல் மாதத்தில் ஓர் ஏலத்தின் இறுதி நிமிடத்தை எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பர்கண்டி நிறப் பேனா. மூடியில் கீறல் இல்லை. விலை மூன்று நாள்களாக 52 டாலரில் அசையாமல் கிடந்தது. நான் 78.37 குறித்து, ஆறு நொடி முன்னதாகச் செல்லும்படி அமைத்திருந்தேன். பத்தாவது நொடிவரை ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விலை ஒரே தாவலில் 70-க்குப் போனது, அடுத்து 79-க்கு அருகில் வந்தது, இன்னொரு முறை அசைந்து 84-இல் நின்றது, ஏலம் முடிந்தது. கேட்பு வரலாற்றைத் திறந்து பார்த்தேன். கடைசிப் பத்து நொடியில் மூன்று பேர் விழுந்திருக்கிறோம், ஒன்பதாவது நொடியில் ஒருவர், ஆறாவதில் நான், இரண்டாவதில் ஒருவர். மூவருமே தோற்றிருந்தோம். பேனாவை எடுத்தவர் மூன்று நாள் முன்பே தன் உச்சத்தொகையை எழுதிவிட்டு, அதன்பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருவர். நாங்கள் மூவரும் நொடிகளில் போட்டியிட்டுக்கொண்டிருந்தோம். அவர் தொகையில் வென்றிருந்தார். சேவையின் முகப்பில் வெற்றி, வெற்றி என்று பறைசாற்றும் விளம்பரங்களுக்குப் பதிலாக இந்தக் கேட்பு வரலாற்றை மாட்டி வைத்தால் வாடிக்கையாளர்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

அந்த 37 காசுகளுக்கு வருகிறேன். இரண்டு பேரின் உச்சத்தொகை சமமாக இருந்தால் முதலில் எழுதியவருக்கே பொருள் என்பது ஈபேயின் விதி. கடைசி நொடிச் சேவையைப் பயன்படுத்துபவர் எப்போதும் பின்னால் வருபவர். ஆகவே சமநிலை ஏற்படும் ஒவ்வொரு முறையும் அவரே தோற்பார். மனிதர்கள் 50, 75, 80, 100 என்று முழு எண்களில் எழுதும் பழக்கமுடையவர்கள் என்பதால் இந்தச் சமநிலை நாம் நினைப்பதைவிட அடிக்கடி வருகிறது. அதற்காகத்தான் இந்த ஒழுங்கற்ற சில்லறை.

இன்னொரு நுணுக்கம் இதைவிட எரிச்சலூட்டுவது. புதிய கேட்பு, அது வந்து சேரும் கணத்தில் உள்ள விலையைவிடக் குறைந்தது ஒரு படி அதிகமாக இருக்க வேண்டும். நான் 80 குறித்திருக்கும்போது, என் கேட்பு போவதற்குச் சற்று முன் விலை 79.50-க்கு ஏறிவிட்டால், அப்போது தேவைப்படும் குறைந்தபட்சத் தொகை 80.50, என் 80 அதைவிடக் குறைவு என்பதால் தளம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் விலையைவிட அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருந்தும் வரிசையிலேயே நிற்க முடியாத நிலை இது. என் சேவை இதனை "கேட்பு நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது, காரணத்தை எழுதுவதில்லை. முதல் இரண்டு முறை சேவைதான் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புகார் எழுதினேன். பதில் பணிவாகவே வந்தது, ஆனால் ஐந்து நாள் கழித்து.

எத்தனை நொடி முன்னால் என்ற கேள்வியில் புதியவர்கள் காட்டும் ஆர்வம் அளவுக்கு மீறியது. ஒரு நொடிக்கும் இரண்டு நொடிக்கும் ஆசைப்படுவதில் பொருளில்லை. விலை மாறியதைக் கண்டு, புதுத் தொகையைத் தட்டி, உறுதிசெய்யும் பொத்தானை அழுத்த எனக்கு எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தை வைத்துச் சோதித்தேன்; விரல்களைத் தயாராக வைத்திருந்தும் ஏழெட்டு நொடி ஆனது. எனவே ஐந்து, ஆறு நொடி இருந்தாலே எதிரில் உள்ள மனிதர் செயலிழந்துவிடுவார். எதிரில் இன்னொரு சேவை இருந்தால், அதில் எழுதப்பட்ட தொகை ஏற்கெனவே முடிவானது. அதற்கு முன் சென்றாலும் பின் சென்றாலும் தொகை பெரியவரே வெல்வார். மறுபுறம், இரண்டு நொடிக்குக் குறைத்தால் வலைப்பின்னல் சற்றுத் தாமதித்தாலும் கேட்பு வாசலில் நின்றுவிடும். கடைசி நேரத்தில் அனுப்பும் கேட்பு போய்ச் சேராமலே போகக்கூடும் என்ற இந்த அபாயத்தை ராத்தும் ஒக்கன்ஃபெல்ஸும் தங்கள் கணக்கிலேயே சேர்த்திருந்தார்கள். சில சேவைகள் கூடுதல் கட்டணத்துக்கு வேறோர் இடத்தில் உள்ள இரண்டாவது வழங்கியிலிருந்தும் அதே கேட்பை அனுப்புகின்றன. நான் அதை வாங்கவில்லை. ஆறு நொடியே போதுமானதாக இருந்திருக்கிறது.

இனி, நான் சந்தாவைத் தொடர்வதற்கான உண்மையான காரணம். இந்தச் சேவையில் ஏலங்களைக் குழுவாகக் கட்டும் வசதி இருக்கிறது. அடுத்த பத்து நாள்களில் முடியவிருக்கும் ஏழு பார்க்கர் 51 பேனாக்களை ஒரே குழுவில் இட்டு, ஒவ்வொன்றின் நிலைக்கேற்ப வெவ்வேறு உச்சத்தொகை குறித்து, எனக்கு ஒன்று போதும் என்று சொல்லிவிடலாம். முதல் ஏலம் முடியும்போது கேட்பு போகும். தோற்றால் இரண்டாவதற்கு நகரும். எதில் வென்றாலும் மீதி அனைத்தும் தாமாகவே ரத்தாகிவிடும். கையால் இதைச் செய்ய முயன்றவர்களுக்கு அதன் வலி தெரியும். ஒரே நேரத்தில் மூன்று ஏலங்களில் தொகை எழுதினால் மூன்றும் நம் தலையில் விழலாம். ஒன்றில் மட்டும் எழுதினால் அது முடியும்வரை மற்றவை கைநழுவும். இந்தக் குழு வசதி வந்த பிறகு என் உச்சத்தொகைகள் கண்கூடாகக் குறைந்தன. இந்தப் பேனா போனால் அடுத்தது இருக்கிறது என்ற எண்ணம் எழுதும் விரலையே நிதானப்படுத்துகிறது. குறித்த ஏலங்களில் பெரும்பாலானவற்றில் தோற்கிறேன். வென்றவற்றில் ஒன்றைக்கூட அதிக விலைக்கு எடுத்துவிட்டதாக நினைத்து வருந்தியதில்லை, ஒரே ஒரு நிகழ்வைத் தவிர.

அந்த நிகழ்வும் குழு வசதியால் வந்ததுதான். இரண்டு ஏலங்கள் ஒன்றரை நிமிட இடைவெளியில் முடியவிருந்தன. முதல் ஏலத்தின் முடிவைத் தளத்திலிருந்து படித்து உறுதிசெய்வதற்குள் இரண்டாவதன் நேரம் வந்துவிட்டது; சேவை அதிலும் கேட்டுவிட்டது. இரண்டையும் வென்றேன். ஏலத்தில் வெல்வது வாங்குவதாகக் கொடுத்த உறுதிமொழி. வேண்டாம் என்று கையை விரிக்க முடியாது. உதவிப் பக்கத்தின் அடியில், குழுவில் உள்ள ஏலங்களுக்கிடையே சில நிமிட இடைவெளி இருக்க வேண்டும் என்று சிறிய எழுத்தில் எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். குழுவில் சேர்க்கும் கணத்திலேயே இதை எச்சரிக்கையாகக் காட்டுவது அவர்களுக்கு ஒரு பெரிய வேலையாக இருந்திருக்காது.

சேவையின் இன்னொரு பலன் பற்றிப் பலரும் பேசுவதில்லை. ஏலத்தளத்தில் நேரடியாகக் கேட்டுவிட்டால் பின்வாங்குவது எளிதல்ல. ஈபேயில் அதற்கு ஏற்கத்தக்க காரணம் வேண்டும். முடிவுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், கேட்டு ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே அந்தக் கேட்பைத் திரும்பப் பெறலாம். சேவையில் குறித்துவைத்த தொகையோ இன்னும் யாரிடமும் சொல்லப்படாத எண்ணம் மாதிரி. புறப்படுவதற்குச் சற்று முன்வரை ஒரே அழுத்தலில் அழித்துவிடலாம். ஒரு பேனாவின் மூடி விளிம்பில் தெரிந்த கோடு வெளிச்சமா விரிசலா என்று விற்பவரிடம் கேட்டிருந்தேன். ஏலம் முடிவதற்கு முந்தின இரவு அவர் நேர்மையாக, "மயிரிழை விரிசல், நகத்தால் தடவினால் தட்டுப்படும்" என்று பதில் எழுதினார். தொகையை அழித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். கையால் முன்பே கேட்டிருந்தால் காரணம் எழுதிக் கெஞ்சிக்கொண்டிருந்திருப்பேன்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு இன்றும் முழு மனநிறைவு இல்லை. நம் பெயரில் கேட்க வேண்டுமென்றால் சேவைக்கு நம் ஏலக் கணக்கின் கடவுச்சொல் தேவைப்படுகிறது. வீட்டுச் சாவியை அண்டை வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவது போன்ற ஏற்பாடு. அந்தக் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாமல் இருப்பதும், முடிந்தால் ஏலக் கணக்கோடு பணம் செலுத்தும் வழியை ஒட்டிவைக்காமல் இருப்பதும் குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை. சேவையில் சேரும் முன் ஏலத்தளத்தின் பயனர் உடன்படிக்கையையும் படித்துவிட வேண்டும். ஈபே தன் உதவிப் பக்கங்களில் கடைசி நொடிக் கேட்பு அனுமதிக்கப்பட்டது என்றே சொல்கிறது. ஆனால் வெளிச் சேவை ஒன்று நம் கணக்குக்குள் நுழைவது பற்றி ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கொள்கை இருக்கும்.

கடவுச்சொல்லால் வந்த நட்டமும் உண்டு. ஏலத்தளத்தில் அதை மாற்றியவன், சேவையில் மாற்ற மறந்துவிட்டேன். உள்ளே நுழைய முடியவில்லை என்று சேவை அனுப்பிய எச்சரிக்கை மின்னஞ்சல் குப்பைக் கோப்புறையில் போய் விழுந்திருந்தது. இரண்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்த நிறத்தில் ஒரு பேனா, நான் எழுதிவைத்த தொகையில் பாதிக்கும் குறைவான விலைக்கு இன்னொருவருக்குப் போனது. என் தவறுதான், என்றாலும் பணம் வாங்கும் சேவை, கேட்பு போவதற்கு ஒரு நாள் முன்பே ஒருமுறை உள்நுழைந்து பார்த்து, கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தியாவது அனுப்பலாம். அஞ்சல் செலவையும் சேவை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 60 டாலர் பேனாவுக்கு 22 டாலர் அஞ்சல் கட்டணம் என்றால், நாம் குறிக்கும் உச்சத்தொகையிலிருந்து அதை நாமே கழித்துக்கொள்ள வேண்டும். முதல் வெற்றியின் மகிழ்ச்சி எனக்கு அந்த ரசீதோடு வடிந்தது.

எல்லாத் தளங்களிலும் இந்தச் சேவை பயன்படாது. நியூசிலாந்தின் ட்ரேட் மீ தளத்தில் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் ஏலம் மேலும் இரண்டு நிமிடம் நீளும். யாஹூ ஜப்பான் ஏலத்தில் விற்பவர் விரும்பினால் ஐந்து நிமிட நீட்டிப்பை வைத்துக்கொள்ளலாம். அங்கெல்லாம் பழைய "ஒரு தரம், இரண்டு தரம்" திரும்ப வந்துவிடுகிறது. ஆறு நொடியில் போய் விழும் கேட்பு எதிராளிக்கு இன்னும் இரண்டு நிமிட யோசனைக் காலத்தைப் பரிசளிப்பதோடு சரி. விற்பவர்களுக்கு நீட்டிப்பு முறைதான் பிடிக்கும், அதில் நியாயமும் உண்டு. வாங்குபவனாகிய எனக்குக் கடிகாரம் கறாராக இருப்பதே வசதி.

எப்போதேனும் ஒரு பொருள் வாங்குபவர் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. உச்சத்தொகையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, முடிவுக்குப் பத்து நொடி முன் தாமே அதைத் தட்டிவிட்டால் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும். தாளில் உள்ளதைத் தாண்டாத மனவுறுதி இருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அந்த உறுதி கிடையாது என்பதைச் சேவைக்கு முந்தைய என் கேட்பு வரலாறு சாட்சியத்தோடு சொல்லும்: 60-இல் நிறுத்துவதாகத் தொடங்கி, கடைசி இரண்டு நிமிடத்தில் 64, 68, 75, 83 என்று ஏறிப்போய், தேவையற்ற ஒரு வெற்றியோடு எழுந்த இரவுகள் அதில் பல இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை பகலில் நிதானமாக எழுதிய தொகையை ஞாயிறு இரவின் பதற்றத்தால் திருத்த முடியாமல் செய்வதற்காகத்தான் என்னைப் போன்றவர்கள் இந்தச் சேவைக்குக் காசு கொடுக்கிறோம். அதில் இது குறையில்லாமல் வேலை செய்கிறது. ஏலம் முடியும் நேரத்தில் நான் பக்கத்தைத் திறக்காமல் இருக்கும்வரை, என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திறந்து பார்த்த இரண்டு முறையும், சேவையின் தொகை தோற்றதைக் கண்டு கையால் ஒன்றைத் தட்டி அனுப்பினேன். இரண்டு முறையும் நான்கு நொடி தாமதமாகிவிட்டது. அவ்விரு பேனாக்களைவிட நல்லவை மறுவாரமே குறைந்த விலையில் வந்தன.

ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பிடுகிறேன். குழு வசதிக்கும் இறுதிக் கணம்வரை ரத்துசெய்யும் உரிமைக்கும் முழு மதிப்பெண். எச்சரிக்கைகளைக் கையாளும் விதத்துக்கும், காரணம் சொல்லாத நிராகரிப்புகளுக்கும், கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கும் கழிவு. சந்தாவைப் புதுப்பித்திருக்கிறேன். வரும் வாரத்துக்கான குழுவில் நான்கு பேனாக்கள் இருக்கின்றன, எந்த இரண்டுக்கும் இடையே பத்து நிமிடத்துக்குக் குறையாத இடைவெளியோடு. முதலாவதற்கு எழுதியிருக்கும் தொகை 71.37.